படகுத்துறைப் பதில்கள்: மங்கிய மிதவைகள்

மே மாதத்து விக்டோரியா தின வார இறுதிக்கு இன்னும் நான்கு வாரங்கள்தான் இருக்கின்றன. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், ஸ்கூகொக் ஏரிக்கரையில் நான் வேலை செய்யும் படகுத்துறையில், குளிர்காலத்துக்காகப் படகுகளைச் சுற்றியிருந்த வெள்ளை உறைகளைக் கிழிக்கத் தொடங்கிவிட்டோம். உறை கழன்றதும் பொன்டூன் படகு, அதாவது நீளக் குழாய் மிதவைகளின்மேல் தளம் வைத்த படகு, வைத்திருப்பவர்கள் முதலில் குனிந்து பார்ப்பது இருக்கைகளை அல்ல, இயந்திரத்தையும் அல்ல. அடியில் கிடக்கும் அந்த இரண்டு அலுமினிய மிதவைகளைத்தான். பார்த்ததும் முகம் வாடிவிடுகிறது. இந்த மாதம் வந்த கடிதங்களிலும் பாதிக்கு மேல் அதே கவலைதான். ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: அண்ணா, நாங்கள் மூன்று குடும்பங்கள் சேர்ந்து சென்ற ஆண்டு 22 அடி நீளமான பழைய பொன்டூன் படகு ஒன்றை வாங்கினோம். மிதவைகள் இரண்டும் சாம்பல் பூத்துக் கிடக்கின்றன. தடவினால் விரலில் வெள்ளைத் தூள் ஒட்டுகிறது. தண்ணீரில் அமிழும் பகுதியில் பழுப்பு நிறப் படலம் வேறு. அலுமினியம் அரித்துப்போகிறதா? பழையபடி ஆக்கலாமா?
- ஒரு வாசகர், மார்க்கம்

பதில்: தம்பி, முதலில் மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்வதில் இரண்டு வேறு விஷயங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று மங்கல், மற்றது அழுக்கு. இவை இரண்டையும் பிரித்துப் பார்க்காதவர்கள்தான் மிதவையைக் கெடுத்துவிடுகிறார்கள்.

அலுமினியம் காற்றுப் பட்ட கணத்திலேயே தன்மேல் ஒரு தோலை வளர்த்துக்கொள்கிறது. ஒக்சைட்டு என்கிற அந்தத் தோல் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியது. ஆனால் உள்ளே இருக்கும் உலோகத்தைக் காப்பது அதுதான். இரும்பின் துரு உதிர்ந்து உதிர்ந்து புதிய இரும்பைத் தின்னும். அலுமினியத்தின் துரு ஒட்டிக்கொண்டு கதவைச் சாத்திவிடும். ஆண்டுக்கணக்கில் ஈரமும் வெயிலும் பட்டு அந்தத் தோல் தடித்துப் பொருக்காகும்போது சாம்பல் நிறம் வருகிறது, கையில் தூள் ஒட்டுகிறது. அது பார்வைக்குக் குறைதான். உலோகம் செத்துப்போகிறது என்று பொருள் அல்ல. பெரும்பாலான மிதவைகளை 5052 என்ற அலுமினியக் கலவையில் செய்கிறார்கள். அதில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு அளவில் மக்னீசியம் உண்டு. ஏரித் தண்ணீரை நன்றாகத் தாங்கும் உலோகம் அது.

பழுப்புப் படலம் வேறு கதை. அது பாசியும், உக்கிய இலையின் சாறும், தண்ணீரில் கரைந்திருந்த சுண்ணாம்பும் சேர்ந்து காய்ந்து இறுகிய அழுக்கு. ஒன்ராறியோவின் தென்பகுதி ஏரிகளில் சுண்ணாம்பு அதிகம். வீட்டுக் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே பொருள்தான்.

ஆகவே முதலில் அழுக்கை எடுங்கள். மங்கலைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம். என்னைக் கேட்டால், எப்போதும் மெல்லிய மருந்திலிருந்து தொடங்க வேண்டும். வெறும் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். அடுத்து, பாத்திரம் கழுவும் திரவச் சவர்க்காரமும் நைலோன் தூரிகையும். அதற்கும் மசியாத இடத்தில் வெள்ளை வினாகிரியும் தண்ணீரும் சரிக்குச் சரி கலந்து தெளியுங்கள். உள்ளங்கை அளவு இடத்தில் தெளித்து, முகத்தைக் கிட்ட வைத்துப் பாருங்கள். சுண்ணாம்பு இருந்தால் சிறு சிறு குமிழிகள் கிளம்பும். இரண்டு நிமிடத்தில் அந்தப் பழுப்பு ஓரம் இளகி, விரல் நகத்தால் சுரண்டினால் சேறுபோல் வரும். அப்போது தூரிகையால் தேய்த்து உடனே கழுவுங்கள். காயவிடக் கூடாது. நான் பார்த்த மிதவைகளில் பாதி இந்த அளவிலேயே தேறிவிட்டன. உரிமையாளர் கடையில் வாங்கிவந்த அமிலக் குப்பியைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

புளிக்குழம்பு வைத்த அலுமினியச் சட்டியின் உட்புறம் மறுநாள் பளிச்சென்று இருப்பதை நம் வீடுகளில் எல்லோரும் பார்த்திருப்போம். அதே சட்டியில் முட்டை அவித்தால் கறுத்துவிடும். ஊரில் என் அம்மா பித்தளைக்குப் புளியும் சாம்பலும் போடுவார், அலுமினியச் சட்டிக்கு மட்டும் சாம்பலைத் தொடவிட மாட்டார். காரணம் கேட்டால் "அதுக்கு ஆகாது" என்பார், அவ்வளவுதான். இங்கே வந்து இந்த வேலையைக் கற்ற பிறகுதான் விளங்கியது. சாம்பல் காரம். காரம் அலுமினியத்தின் தோலைக் கரைத்து உலோகத்தையே தின்னும். அடுப்புக் கரி நீக்கும் திரவம், அடைப்பு நீக்கும் தூள், சலவைச் சோடா ஆகியவற்றை மிதவைக்குப் பக்கத்தில்கூடக் கொண்டுபோகாதீர்கள்.

கேள்வி: வினாகிரியால் எங்கள் படகின் கறை அசையவில்லை. வாகனச் சக்கரங்களுக்கும் லொறிகளுக்கும் விற்கும் அலுமினியப் பளபளப்புத் திரவத்தை நண்பர் ஒருவர் பரிந்துரைத்தார். ஐந்து நிமிடத்தில் வேலை முடியும் என்கிறார். வாங்கலாமா?
- ஒரு வாசகர், ஏஜாக்ஸ்

பதில்: குப்பியின் பின்பக்கத்தில் இருக்கும் சிறிய எழுத்தை வாசிக்காமல் வாங்காதீர்கள். இந்தத் திரவங்களில் பலவகை உண்டு. போஸ்போரிக் அமிலம், ஒக்ஸாலிக் அமிலம் கலந்தவையும் உண்டு. ஐதரோபுளோரிக் அமிலமோ, அமோனியம் பைபுளோரைட்டோ கலந்தவையும் உண்டு. இந்த இரண்டாவது வகை மின்னல் வேகத்தில் வேலை செய்யும் என்பது உண்மை. உங்கள் நண்பர் பொய் சொல்லவில்லை. ஆனால் அது கைக்கு என்ன செய்யும் என்பதை அவர் பார்த்திருக்க மாட்டார்.

நான் பார்த்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் என்னோடு வேலை செய்த இளைஞன் ஒருவனின் கையுறையில், பெருவிரல் நுனியில் ஒரு சின்னக் கிழிசல். அவனுக்கு அது தெரியாது. அந்த வகைத் திரவத்தால் ஒரு முழு நாள் மிதவை கழுவினான். எரிச்சல் இல்லை, சிவப்பு இல்லை. சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனான். இரவு பதினொரு மணிக்குப் பெருவிரலைச் சுத்தியலால் அடித்ததுபோல் வலி தொடங்கியிருக்கிறது. தண்ணீரில் பிடித்தான், மாத்திரை விழுங்கினான், ஒன்றும் கேட்கவில்லை. விடியுமுன் அவசர சிகிச்சைப் பிரிவில் கல்சியம் குளூக்கோனேற்றுக் களிம்பைத் தேய்த்துத் தேய்த்துத்தான் வலியைத் தணித்தார்கள். புளோரைட்டு தோலைக் கடந்து உள்ளே போய், உடம்பின் கல்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. நீர்த்த திரவமானால் வலி பல மணி நேரம் கழித்தே வரும். அதற்குள் அது எலும்பு வரை போயிருக்கலாம். அதிகமான இடத்தில் பட்டால் இதயமே பாதிக்கப்படும். அந்த நகம் அவனுக்கு மறுபடி நேராக வளரவில்லை.

ஆகவே புளோரைட்டு என்ற சொல் எந்த வடிவில் இருந்தாலும் அந்தக் குப்பியை இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். வீட்டு முற்றத்தில், பிள்ளைகள் ஓடித் திரியும் இடத்தில் அதற்கு வேலை இல்லை.

போஸ்போரிக் அமிலம் கலந்த திரவம் போதும். இலைச்சாற்றுப் பழுப்புக்கு ஒக்ஸாலிக் அமிலம் இன்னும் நல்லது. இவையும் அமிலங்கள்தான். கண்ணை முழுவதும் மூடும் கண்ணாடி, நீளமான இரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை இவையின்றித் தொடாதீர்கள். கையுறையை அணியுமுன் அதற்குள் தண்ணீர் நிரப்பிப் பிழிந்து பாருங்கள். அந்தப் பையனுக்குப் பிறகு எங்கள் துறையில் எல்லோரும் இதைச் செய்கிறோம். பிளாஸ்டிக் வாளியில் முதலில் தண்ணீர், பிறகு அமிலம். மாற்றி ஊற்றக் கூடாது. பக்கத்தில் குளோரின் கலந்த வெளுப்புத் திரவம் எதுவும் இருக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் எழும் வாயு நுரையீரலைப் பொசுக்கிவிடும்.

கேள்வி: கழிப்பறை கழுவும் திரவத்தை மிதவையில் மேலிருந்து ஊற்றித் தேய்த்தேன். அழுக்கு போய்விட்டது. ஆனால் காய்ந்த பிறகு மேலிருந்து கீழாக வெள்ளை வெள்ளையாகக் கோடுகள், மெழுகுதிரி உருகி வழிந்ததுபோல். எத்தனை தரம் கழுவியும் போகவில்லை. என் மனைவி படகைப் பார்க்கும்போதெல்லாம் பெருமூச்சு விடுகிறாள்.
- ஒரு வாசகர், பிரம்டன்

பதில்: அந்தக் கோடுகள் மேலே படிந்தவை அல்ல, உலோகத்தில் விழுந்த தடங்கள். அதனால்தான் கழுவப் போகவில்லை. அந்த வகைத் திரவங்கள் பலவற்றில் இருப்பது ஐதரோகுளோரிக் அமிலம். அலுமினியத்தின் தோலைப் பொத்துக்கொண்டு உள்ளே போகும் ஆற்றல் குளோரைட்டுக்கு உண்டு. நீங்கள் மேலே ஊற்றியபோது காய்ந்திருந்த உலோகத்தின்மீது அது ஓடையாக வழிந்தது. வழிந்த பாதையில் அதிகம் அரித்தது, இரண்டு பக்கத்திலும் குறைவாக அரித்தது. வெயிலில் வேறு செய்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சூடான உலோகத்தில் அமிலத்தின் வேகம் கூடும், கழுவுமுன் காய்ந்தும் போகும்.

முதலில் அரிப்பை நிறுத்துங்கள். ஒரு வாளித் தண்ணீரில் ஒரு கைப்பிடி அப்பச்சோடாவை (சலவைச் சோடா அல்ல) கரைத்து மிதவை முழுவதும் நனையத் தடவி, பத்து நிமிடம் கழித்து ஏராளமான தண்ணீரால் கழுவுங்கள். பற்றவைத்த மூட்டுகளின் இடுக்குகளை மறந்துவிடாதீர்கள், அமிலம் ஒளிந்திருப்பது அங்கேதான். கோடுகளைப் போக்க ஒரே வழி சுற்றியுள்ள இடத்தையும் அதோடு சமப்படுத்துவது. 600 எண் அரத்தாளை (எண் கூடக் கூடத் தாள் மென்மையாகும்) தண்ணீரில் நனைத்து, மிதவையின் நீளவாக்கில், ஒரே திசையில் தேயுங்கள். வட்டமாகத் தேய்த்தால் பிறகு அந்த வட்டங்களை நீக்க இன்னொரு நாள் வேண்டும். நீளவாக்கில் தேய்த்தால் கண்ணுக்கு இதமான, சீரான வெள்ளிச் சாயல் வரும். தொழிற்சாலையிலிருந்து வரும்போது பல மிதவைகள் அப்படித்தான் இருக்கும். உங்கள் மனைவிக்கு அது பிடிக்கும் என்று நம்புகிறேன்.

இனி எந்த அமிலத்தைப் பயன்படுத்தினாலும் இந்த முறையைக் கைக்கொள்ளுங்கள். நிழலில், உலோகம் குளிர்ந்திருக்கும்போது, முதலில் தண்ணீரால் நனைத்துவிட்டு, கீழிருந்து மேலாகத் தடவிக்கொண்டு போங்கள். மேலிருந்து வழிவது ஏற்கெனவே நனைந்த இடத்தில் விழும்போது தடம் போடாது. ஒரு தடவைக்கு மூன்று அடி நீளம் போதும். அதைக் கழுவி முடித்த பிறகுதான் அடுத்த மூன்று அடி. படகு நிற்கும் ட்ரெயிலரையும் மூடிவிடுங்கள். அதன் இரும்புச் சட்டத்துக்குத் துத்தநாகம் பூசியிருப்பார்கள், அமிலம் அதை ஒரே நாளில் உரித்துவிடும்.

கேள்வி: எங்கள் படகின் மிதவைகள் சுத்தமாகவே இருக்கின்றன. ஆனால் பக்கத்துத் துறையில் நிற்கும் படகு ஒன்றின் மிதவையில் முகம் தெரிகிறது! அதுபோல் செய்ய ஆசை. எவ்வளவு வேலை? நானும் என் தம்பியும் செய்யலாமா?
- ஒரு வாசகர், விற்பி

பதில்: செய்யலாம். ஆனால் அளவைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். 25 அங்குல விட்டமுள்ள மிதவையைச் சுற்றி நூல் பிடித்தால் ஏறத்தாழ 2 மீட்டர் வரும். 20 அடி நீளமானால் ஒரு மிதவைக்கு 12 சதுர மீட்டர், இரண்டுக்கும் 24. தளத்துக்கு அடியில் கை போகாத பகுதியைக் கழித்தாலும் 16 சதுர மீட்டர் மிஞ்சும். எல்லாக் கட்டங்களையும் சேர்த்து ஒரு சதுர மீட்டருக்கு எனக்கு ஒரு மணி நேரம் பிடிக்கிறது. நான் இதைப் பல ஆண்டுகளாகச் செய்கிறவன். நீங்கள் இருவரும் இரண்டு வார இறுதிகளை ஒதுக்குங்கள்.

மெருகு என்பது பூச்சு அல்ல. உலோகத்தில் இருக்கும் கீறல்களை, கண் பிரித்தறிய முடியாத அளவுக்குச் சிறிய கீறல்களாக மாற்றுவதுதான் அது. ஆகவே ஒவ்வொரு கட்டமும் முந்திய கட்டத்தின் கீறலை முழுவதும் அழிக்க வேண்டும். ஆழமான கீறல் இருந்தால் 400 எண்ணில் தொடங்கி 600, 800, 1,000 என்று ஈரத்தில் தேய்த்து வாருங்கள். இடையில் ஓர் எண்ணைத் தாண்டினால், கடைசியில் பளபளப்புக்கு நடுவே அந்தப் பழைய கீறல் பல்லைக் காட்டும். கீறல் இல்லாத மிதவை என்றால் அரத்தாளே வேண்டாம், நேரே மெருகுப் பசைக்குப் போங்கள்.

மெருகேற்றும் இயந்திரம் சுழலும் வகையாக இருக்கட்டும். கம்பளிச் சக்கரம் மாட்டி, நிமிடத்துக்கு 1,500 முதல் 2,000 சுற்று வரையில் ஓட்டுங்கள். கடுமையான பசையை முதலில் இட்டு, ஓர் அடிக்கு இரண்டு அடி இடத்தில் மெதுவாக நகர்த்துங்கள். சில வினாடிகளில் பசை கறுக்கத் தொடங்கும். கண்மைபோல் கரிய குழம்பு சக்கரத்தின் ஓரத்தில் சுருண்டு வரும். புதியவர்கள் இதைக் கண்டு பயந்து நிறுத்திவிடுவார்கள். பயப்படாதீர்கள், அது மிதவையிலிருந்து உரிந்து வரும் பழைய தோலும் மிக நுண்ணிய அலுமினியமும்தான். கறுப்பு வருகிறது என்றால் வேலை நடக்கிறது. அது காய்ந்து ஒட்டுமுன் மெல்லிய துணியால் துடையுங்கள். துடைத்தும் மங்கலாகக் கரி நிற்கிறதா? சோளமாவை ஒரு பிடி தூவி உலர்ந்த துணியால் தேயுங்கள். லொறிகளின் எரிபொருள் தாங்கிகளை மெருகேற்றுகிறவர்களிடம் கற்றுக்கொண்ட வழி இது. பசையின் எண்ணெயை மாவு உறிஞ்சிக்கொண்டு உதிரும். அடியில், மேகம் விலகியதுபோல் உலோகம் தெரியும். நான் முதல் தடவை அப்படித் துடைத்தபோது, பின்னால் நின்ற ட்ரெயிலரின் சிவப்பு விளக்கு மிதவைக்குள் நீளமாக இழுபட்டுத் தெரிந்தது. என் கையை அசைத்தேன், உள்ளே ஒரு கை அசைந்தது. அந்த மகிழ்ச்சியை நீங்களும் அடைய வேண்டும் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கம்பளிச் சக்கரம் கரியால் இறுகிவிட்டால் அதைத் தூரிகையால் கோதிவிடுங்கள். இறுகிய சக்கரம் புதிய கீறல்களைப் போடும். பிறகு மென்மையான பசையும் புதிய சக்கரமும். கடும் பசைக்குப் போட்ட சக்கரத்தை மென்பசைக்குப் போடாதீர்கள். பற்றவைத்த மூட்டுகளின்மீது சக்கரத்தை அழுத்தாதீர்கள். அங்கே கையாலேயே தேயுங்கள். அது கண்ணாடியாகாது, ஆக வேண்டிய தேவையும் இல்லை.

இரும்புக் கம்பித் தேய்ப்பானைத் தொடாதீர்கள். அதன் துகள்கள் மென்மையான அலுமினியத்தில் புதைந்து, இரண்டு வாரத்தில் செம்புள்ளிகளாகத் துருவேறும். முகமூடி அணியுங்கள். உலர்ந்த அலுமினியத் தூள் எளிதில் தீப்பற்றக்கூடியது. அதை இரும்பு அரைத்த தூளோடு ஒரே தொட்டியில் கொட்டாதீர்கள், தீப்பொறி பறக்கும் இடத்திலும் வைக்காதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மெருகேற்றிய அலுமினியத்தை அப்படியே தண்ணீரில் இறக்கினால் அந்தப் பருவம் முடியுமுன்னே மங்கிவிடும். மெருகு முடிந்த அன்றே, எண்ணெய்ப் பசை போக அசெற்றோனால் துடைத்து, அலுமினியத்துக்கென்றே விற்கும் நிறமற்ற காப்புத் திரவத்தைப் பூசுங்கள். பஞ்சு உதிராத துணியில் தோய்த்து, மெல்லிதாக இரண்டு தடவை. தடிப்பாகப் பூசினால் வழிந்த இடம் மஞ்சளாகத் தெரியும். இரவில் உறைபனி விழுகிற நாட்களில் பூசாதீர்கள். பூசுவதற்குக் காலமில்லை என்றால் மெருகேற்றுவதையே அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவையுங்கள். அத்தனை உழைப்பும் ஓகஸ்ட் மாதத்தில் கரைந்துபோவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை.

கேள்வி: என் மகளுக்குப் பத்து வயது. இரண்டு குழாயில் ஒரு மேடையை வைத்துப் படகு செய்ய வேண்டும் என்று முதலில் யாருக்குத் தோன்றியது என்று கேட்கிறாள்.
- ஒரு வாசகி, ஸ்காபரோ

பதில்: மகளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள் அக்கா. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் அம்புரோஸ் வீரஸ் என்றொருவர் இருந்தார். 1951ஆம் ஆண்டு, இரும்புப் பீப்பாய்களை வரிசையாக முனையோடு முனை பற்றவைத்து இரண்டு நீளத் தூண்களாக்கி, அவற்றின்மேல் மரத் தளம் ஒன்றை வைத்து ஏரியில் விட்டார். அது நிலையாக மிதந்தது. இன்றைய பொன்டூன் படகின் தொடக்கமாக அதைத்தான் சொல்கிறார்கள். இரும்பின் இடத்தைப் பிறகு அலுமினியம் பிடித்துக்கொண்டது. பொன்டூன் என்ற சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது, அதன் வேர் இலத்தீனில் பாலத்தைக் குறிக்கும் சொல். படைகள் ஆற்றைக் கடக்க மிதவைகளை வரிசையாகக் கட்டிப் பாலம் போடுவார்கள் அல்லவா, அந்த மிதவைகளின் பெயர்தான் இது. இன்னொன்றையும் மகளுக்குக் காட்டுங்கள்: ஒவ்வொரு மிதவைக்குள்ளும் குறுக்குச் சுவர்கள் வைத்துத் தனித்தனி அறைகளாகப் பிரித்திருப்பார்கள். ஓர் அறையில் தண்ணீர் புகுந்தாலும் மற்ற அறைகள் படகைத் தாங்கிக்கொள்ளும்.

கேள்வி: சிம்கோ ஏரியில் படகு வைத்திருக்கிறோம். மிதவையில் வரிக்குதிரைச் சிப்பிகள் ஒட்டிக்கொள்கின்றன. பெரிய படகுகளின் அடிக்குப் பூசும் செப்பு கலந்த வண்ணத்தை அடித்துவிட்டால் ஒட்டாது என்று ஒருவர் சொன்னார். மேலும், படகைத் தண்ணீரில் நிறுத்தியபடியே வினாகிரி போட்டுக் கழுவினால் வேலை சுலபம் அல்லவா?
- ஒரு வாசகர், நியூமார்க்கற்

பதில்: இரண்டுக்கும் வேண்டாம் என்பதே என் பதில்.

செம்பையும் அலுமினியத்தையும் தண்ணீருக்குள் சேர்த்து வைத்தால் அது ஒரு மின்கலம் ஆகிவிடும். செம்பு நோகாமல் இருக்கும், அலுமினியம் கரையும். செப்பு வண்ணம் அடித்த மிதவை ஒன்றைப் பழுது பார்க்கக் கொண்டுவந்தார்கள். வண்ணத்தைச் சுரண்டியபோது அடியில் அம்மைத் தழும்புபோல் குழிகள். அலுமினியத்துக்கென்று செம்பு இல்லாத வண்ணங்கள் விற்கிறார்கள், ஆண்டு முழுவதும் தண்ணீரிலேயே நிற்கும் படகுக்கு அதைப் பூசலாம். சிப்பிகளை எடுக்க உலோகச் சுரண்டி வேண்டாம். பிளாஸ்டிக் சுரண்டியும் வினாகிரியும் போதும். சிப்பியின் ஓடும் சுண்ணாம்புதான், பிடி இளகிவிடும்.

தண்ணீரில் நிறுத்திக் கழுவுவதைப் பொறுத்தவரை, மீன் வாழும் நீரில் அதற்குத் தீங்கான பொருளைக் கலக்கக் கூடாது என்று கனடாவின் மீன்வளச் சட்டம் சொல்கிறது. சட்டத்தை விடுங்கள். அந்த ஏரியில்தான் உங்கள் பிள்ளைகள் நீந்துகிறார்கள், அங்கே பிடித்த மீனைத்தான் நாம் குழம்பு வைக்கிறோம். படகைக் கரையேற்றி, கழிவு நீர் ஏரிக்கு ஓடாத புற்றரையில் வைத்துக் கழுவுங்கள். அமிலம் பயன்படுத்தினால் ஓடும் நீரைப் பிடித்து அப்பச்சோடாவால் தணியுங்கள். சிப்பிகளைப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். இந்தச் சிப்பி வட அமெரிக்கப் பேரேரிப் பகுதியில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 1988இல், சென் கிளயர் ஏரியில். அங்கிருந்து ஏரி ஏரியாகப் பரவியதில் நம்மைப் போன்றவர்களின் படகுகளுக்கும் பங்கு உண்டு. 2022 ஜனவரி முதல் ஒன்ராறியோவில், படகைத் தரைவழியே கொண்டுபோகுமுன் ஒட்டியிருக்கும் செடிகளையும் உயிரிகளையும் அகற்றி, தண்ணீர் வடியும் மூடிகளைக் கழற்றிவிட வேண்டும் என்பது விதி.

கேள்வி: கழுவிய பிறகு ஊசிமுனைபோல் நாலைந்து குழிகள் தெரிகின்றன. ஓட்டையா?
- ஒரு வாசகர், ஒஷாவா

பதில்: பெரும்பாலும் இராது. மிதவையின் தகடு பொதுவாக 2 முதல் 2.5 மில்லிமீட்டர் தடிப்பு. அந்த அறையின் மூடியைக் கழற்றிப் பாருங்கள், தண்ணீர் வடிந்தால் சந்தேகிக்கலாம். கைப்பம்பினால் மிக மெல்லிய அழுத்தம், 2 பிஎஸ்ஐக்கு (சதுர அங்குலத்துக்கு 2 இறாத்தல்) மேல் போகாமல், கொடுத்துக்கொண்டு சவர்க்கார நீரைத் தடவினால் ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி வரும். காற்றழுத்த இயந்திரத்தை நேரே பூட்டிவிடாதீர்கள், மிதவை ஊதி வெடித்துவிடும். ஓட்டை உறுதியானால் பற்றவைக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். குழிகள் ஒவ்வோர் ஆண்டும் கூடினால், கரையிலிருந்து படகுகளுக்கு எடுக்கும் மின்சாரம் துறையில் கசிகிறதா என்று மின் பணியாளரைக் கொண்டு சோதியுங்கள். மிதவையில் மக்னீசியத் தியாகக் கட்டி ஒன்றும் மாட்டுங்கள். நன்னீருக்கு மக்னீசியம், கடல் நீருக்குத் துத்தநாகம். அலுமினியத்துக்குப் பதிலாக அது கரையும்.

கேள்வி: காப்புத் திரவம் பூசியாகிவிட்டது. இனி ஒவ்வோர் ஆண்டும் இதே பாடா?
- ஒரு வாசகி, மொன்றியல்

பதில்: இல்லை, தங்கை. எல்லாம் இலையுதிர் காலத்தில் நீங்கள் செய்யும் ஒரு மணி நேர வேலையில் இருக்கிறது. நன்றி தெரிவித்தல் நாளை ஒட்டிப் படகைக் கரையேற்றுவீர்கள் அல்லவா? ஏற்றிய அந்தக் கணமே, மிதவையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும்போதே, அழுத்த நீரால் கழுவிவிடுங்கள். அப்போது பாசி வெண்ணெய்போல் வழுக்கிக்கொண்டு விழும். தேநீர் குடித்துவிட்டு வந்து கழுவலாம் என்று விட்டால் வெயிலில் காய்ந்து சீமெந்தாகிவிடும். பிறகு ஏப்ரலில் மறுபடி எனக்குக் கடிதம் எழுதுவீர்கள். வசந்தத்தில் மிதவையின்மேல் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக உருண்டால் காப்பு இன்னும் இருக்கிறது, ஒன்றும் செய்ய வேண்டாம். தண்ணீர் பரவி ஒட்டிக்கொண்டால் அந்த இடத்தைச் சவர்க்காரத்தால் கழுவி, நன்றாகக் காயவிட்டு, அசெற்றோனால் துடைத்து இன்னொரு தடவை மெல்லிதாகப் பூசுங்கள். பெரும்பாலும் அது நீர்க்கோட்டை ஒட்டிய ஒரு சாண் அகலப் பட்டைதான்.